பன்னிரண்டாவது கட்டத்துல மூணு போடுங்க மேடம்

"மேடம், பி.ஓ. பன்னிரண்டுக்கு ரெண்டு போட்டிருக்கீங்க. மூணு ஆக்கிடுங்க. ரெண்டுன்னா விசிட் வர்றவங்க கேள்வி கேப்பாங்க."

ராத்திரி ஒன்பதே காலுக்கு வாட்ஸ்அப்ல வந்த மெசேஜ். அனுப்பினது எங்க டிபார்ட்மெண்ட் கோ-ஆர்டினேட்டர் சார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல. அவரும் அந்நேரத்துக்குச் சாப்பிடாமதான் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருப்பார்.

நான் ஒரு தனியார் இன்ஜினீயரிங் காலேஜ்ல ஐ.டி. டிபார்ட்மெண்ட் அசிஸ்டண்ட் ப்ரொஃபசர். தென்மாவட்டம். பைபாஸ் ஓரம், கருவேலங்காட்டுக்கு நடுவுல, வெள்ளைத் தூண் வச்ச முகப்பு, நிறுவனரோட அம்மா பேர்ல ஒரு ஆடிட்டோரியம்... பஸ் ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க. நீங்க பார்த்தது எங்க காலேஜ்தானான்னு கேக்காதீங்க. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்த பி.ஓ. பன்னிரண்டு என்னன்னு சொல்லிடறேன். என்.பி.ஏ.ன்னு ஒரு அங்கீகாரம் இருக்கு. இன்ஜினீயரிங் பட்டங்களை நாடுகள் ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்கிற வாஷிங்டன் அக்கார்டுல 2014-ல இந்தியா நிரந்தர உறுப்பு நாடாச்சு. அதுல இருந்து இந்த அங்கீகாரத்துக்கு ஏக மவுசு. அதுக்குப் பின்னால இருக்குற யோசனை தங்கமான யோசனைங்க. வாத்தியார் என்ன நடத்தினார்ங்கிறதை விட, படிச்சு வெளிய போறவனுக்கு என்ன செய்யத் தெரியுதுங்கிறதைப் பாருன்னு சொல்லுது. யாரு வேண்டாம்பாங்க? இன்ஜினீயர்னா அவன்கிட்ட இருக்க வேண்டியதுன்னு பன்னிரண்டு திறமையை, பி.ஓ.ங்கிற பேர்ல, பட்டியல் போட்டிருந்தாங்க. எங்க ஷீட் இன்னும் அந்தப் பட்டியல்படிதான். முதலாவது பொறியியல் அறிவு. எட்டாவது நேர்மை. பத்தாவது, நாலு பேர்கிட்ட தெளிவா பேசவும் எழுதவும் தெரியறது. பன்னிரண்டாவது, வாழ்நாள் முழுக்கக் கத்துக்கிட்டே இருக்குற குணம்.

நல்ல யோசனை நம்ம ஊரு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தா என்ன ஆகும்? எக்செல் ஷீட் ஆகும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் அஞ்சாறு இலக்கு. பக்கவாட்டுல பன்னிரண்டு கட்டம். கட்டத்துக்குள்ள 1, 2, இல்லேன்னா 3. சம்பந்தமே இல்லேன்னா ஒரு கோடு. அப்புறம் பசங்க வாங்கின மார்க்கை அதுல ஏத்தி, பெருக்கி, வகுத்தா கடைசியில ஒரு நம்பர் வரும். 2.41. டார்கெட் 2.2. அப்ப 'அட்டெயின்டு'. கட்டம் பச்சையாயிடும். டேட்டாபேஸ் பாடம் படிச்சதால ஒரு கிளாஸ் பசங்களுக்கு வாழ்நாள் முழுக்கக் கத்துக்குற குணம் 2.41 அளவுக்கு வந்துடுச்சுங்க! புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இடம் வரைக்கும் சுத்தமா எங்களுக்குத் தெரியும். அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான், என்ன பண்றான்? அதுக்கு அந்த ஷீட்ல கட்டம் கிடையாது. அது வேற ஃபைல். அந்த ஃபைல் கதைக்கு அப்புறம் வர்றேன்.

எங்க இருக்கான்னு நான் சொல்றேன். போன மாசம் எங்க வீட்டுக்கு ஃபைபர் நெட் கனெக்‌ஷன் கொடுக்க ஒரு பையன் வந்தான். தோள்ல கறுப்புக் கேபிள் சுருள், இடுப்புல கட்டிங் பிளேயர். ஏணியில கால் வச்சவன் திரும்பிப் பார்த்து, "மேம்! நீங்களா?"ன்னான். எங்க பையன். 2022-ல பி.டெக். ஐ.டி. முடிச்சவன். அவனுக்கு நெட்வொர்க்ஸ் பேப்பர் எடுத்ததே நான்தான்.

"என்னடா, நீ இங்க?"

"ஓ.எஸ்.ஐ. மாடல்ல ஏழு லேயர் இருக்குன்னு சொல்லிக் கொடுத்தீங்கல்ல மேம். இப்ப முதல் லேயர்ல இருக்கேன். ஃபிசிக்கல் லேயர்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குத்தான் தொண்டை அடைச்சுது. அந்த வேலையைக் கேவலம்னு சொல்ல வரல. அந்த மயிரிழைக் கண்ணாடியை அவன் சீவி, வெட்டி, மெஷின்ல வச்சு ஒட்டின சுத்தம் இருக்கே, எங்க லேப்ல எந்தக் காரியமும் அவ்வளவு சுத்தமா நடந்து நான் பார்த்ததில்ல. ஆனா அதை அவனுக்கு ஒரு லைன்மேன் அண்ணன் ஒரே வாரத்துல சொல்லிக் கொடுத்துட்டாராம். அப்ப நாங்க நாலு வருஷம் என்னதான் சொல்லிக் கொடுத்தோம்? எதுக்கு அந்த எஜுகேஷன் லோன்?

இன்னொண்ணு கேளுங்க. அந்த வருஷம் எங்க காலேஜ் வாசல்ல கட்டின ஃப்ளெக்ஸ்ல அவன் ஃபோட்டோ இருந்துச்சு. கோட்டு, டை. (கோட்டு ஃபோட்டோஷாப்.) கீழே ஒரு கம்பெனி பேரு. ஆஃபர் லெட்டர் வந்தது நிஜம். ஆனா வேலைக்குக் கூப்பிடவே இல்ல. ஜாயினிங் தேதி பின்னால அறிவிக்கப்படும்னு அப்பப்ப மெயில் வந்துச்சாம். அப்புறம் மெயிலும் நின்னுபோச்சு. ஃப்ளெக்ஸ் மட்டும் அடுத்த ஆடிக் காத்துல கிழியிற வரைக்கும் இருந்துச்சு.

இப்ப அந்த வேற ஃபைலுக்கு வர்றேன். 'நூறு சதவீத ப்ளேஸ்மெண்ட்'. இது எப்படி வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒரு உதாரணத்துக்குக் கணக்கு போடுவோம். கிளாஸ்ல 60 பேர். அதுல 22 பேருக்கு அரியர் இருக்கு. அவங்க 'நாட் எலிஜிபிள்'. கணக்குல இருந்து தூக்கியாச்சு. மிச்சம் 38. அதுல ஒரு பத்து பேரைக் கூப்பிட்டு, 'மேற்படிப்புக்குப் போறேன்', 'குடும்பத் தொழிலைப் பார்க்கப் போறேன்'னு ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்கியாச்சு. (குடும்பத் தொழில்னா என்ன? அப்பா பனியன் கம்பெனியில டெய்லர்.) மிச்சம் 28. நல்லா படிக்கிற பசங்க சிலருக்கு ரெண்டு, மூணு கம்பெனியில கிடைக்கும். அது ரெண்டாவும் மூணாவும் எண்ணப்படும். ஆக 17 பேருக்கு 28 ஆஃபர். 28-க்கு 28. நூத்துக்கு நூறு! பொய்யே இல்ல பாருங்க. ஒவ்வொரு வரியும் உண்மை. கூட்டிப் பார்த்தாதான் பொய்.

அந்த 28-ல என்னென்ன இருக்குங்கிறீங்க? ராத்திரி ஷிஃப்ட் கால் சென்டர் இருக்கு. இன்ஷூரன்ஸ் பாலிசி விக்கிற வேலை இருக்கு. முதல்ல டெபாசிட் கட்டு, ட்ரெயினிங் தர்றோம், அப்புறம் பார்க்கலாம்கிற கம்பெனியும் இருக்கு. லோகோ இருந்தா போதும், ஃப்ளெக்ஸ்ல ஏறிடும். சேர்ந்தானா, ஆறு மாசம் கழிச்சு அங்க இருக்கானா, சம்பளம் வருதா? அந்த போன் காலை நாங்க யாருக்கும் பண்றதில்ல. என்ன பதில் வரும்னு எல்லாருக்கும் தெரியும், அதான்.

சரி, பெரிய கம்பெனியில கிடைச்சவனாவது நிம்மதியா இருக்கானா? பெரிய சர்வீஸ் கம்பெனிகள்ல ஃப்ரெஷர் சம்பளம் வருஷத்துக்கு மூணுல இருந்து மூணரை லட்சம். இன்னைக்கு மட்டும் இல்லைங்க, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடியும் கிட்டத்தட்ட அதேதான். இடையில தக்காளி, பெட்ரோல், ஓ.எம்.ஆர். பி.ஜி. வாடகை எல்லாம் எங்கயோ போயிடுச்சு. சி.டி.சி.ன்னு ஒரு தொகை சொல்வாங்க. கம்பெனி கட்டுற பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாத்தையும் அதுக்குள்ளயே அடைச்சு வச்சிருப்பாங்க. கைக்கு வர்றது இருபதாயிரத்துச் சொச்சம். அதுல ரூம் வாடகை, மெஸ், ஊருக்கு லோன் தவணை. மிச்சம்? வீக்எண்டு.

அதுவும் பேசினபடி கிடைக்குமான்னா அதுவும் இல்ல. 2023 பிப்ரவரியில விப்ரோ, வருஷம் ஆறரை லட்சம்னு சொல்லிக் காத்திருக்க வச்ச ஃப்ரெஷர்கள்கிட்ட, மூணரை லட்சத்துக்கு வர்றீங்களான்னு மெயில் போட்டுச்சு. 2025 பிப்ரவரியில இன்ஃபோசிஸ், மைசூரு ட்ரெயினிங் கேம்பஸ்ல இருந்து முந்நூறு பேருக்கு மேல வெளிய அனுப்புச்சு. உள் தேர்வுல மூணு வாய்ப்பு கொடுத்தும் தேறலைன்னு காரணம் சொன்னாங்க. அந்தப் பசங்கள்ல நிறையப் பேர், 2022-ல ஆஃபர் வாங்கிட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல வாசல்லயே நின்னவங்க. ரெண்டு வருஷம் காக்க வச்சு, சில மாசத்துல டெஸ்ட் வச்சு, போயிட்டு வான்னா, அது என்ன நியாயம்?

ஆனா டெஸ்ட்ல ஏன் தேறலைங்கிற கேள்வி என்னைப் பார்த்துத்தானே வருது. கம்பெனியைத் திட்டிட்டு நான் தூங்கப் போக முடியுமா? 2005-லயே நாஸ்காம், மெக்கின்சி ரெண்டும் சேர்ந்து கொடுத்த அறிக்கையில, நம்ம இன்ஜினீயரிங் பட்டதாரிகள்ல நூத்துக்கு 25 பேர்தான் வெளிநாட்டு கம்பெனிகளுக்கான ஐ.டி., பி.பி.ஓ. வேலைக்குத் தோதானவங்கன்னு சொல்லிட்டாங்க. அந்த வருஷம் பிறந்த குழந்தைதான் இப்ப என் ஃபைனல் இயர் கிளாஸ்ல கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கு. ஒரு தலைமுறையே வளர்ந்து வந்துடுச்சு. நாங்க என்ன மாத்தினோம்? ரெக்கார்டு நோட் அட்டையோட கலரை.

ரெக்கார்டு நோட்டைப் பத்திச் சொல்லியே ஆகணும். வெளிய இருக்குறவங்களுக்கு இது நம்பவே கஷ்டமா இருக்கும். கம்ப்யூட்டர் லேப்ல பசங்க ஒரு ப்ரோக்ராம் எழுதினா, அதைக் கையால ஒரு பெரிய நோட்ல எழுதணும். முதல்ல 'எய்ம்'. அப்புறம் 'அல்காரிதம்'. அதுல ஸ்டெப் ஒண்ணு எப்பவுமே ஸ்டார்ட், கடைசி ஸ்டெப் எப்பவுமே ஸ்டாப். அப்புறம் ப்ரோக்ராம், வலது பக்கத்துல கறுப்பு மசியில. அவுட்புட் இடது பக்கத்துல, பென்சில்ல, கட்டம் போட்டு. ஆமா, கம்ப்யூட்டர் திரையில தெரியிறதைப் பார்த்து ஒரு பத்தொன்பது வயசுப் பையன் பென்சில்ல வரையிறான். பார்த்துன்னா சொன்னேன்? பார்க்கவெல்லாம் இல்ல. போன வருஷ சீனியர் நோட்டைப் பார்த்து வரையிறான். லேப்புக்கு வர்றதுக்கு முந்தின நாளே ஹாஸ்டல்ல உட்கார்ந்து எழுதியாச்சு. மெஷின்ல ஓடுறதுக்கு முன்னாடியே விடை வந்தாச்சு. கடைசியா ஒரு வரி, மந்திரம் மாதிரி, எல்லா எக்சர்சைஸுக்கும் ஒரே வரி: 'தஸ் த ப்ரோக்ராம் வாஸ் எக்ஸிக்யூட்டட் சக்ஸஸ்ஃபுல்லி.' நான் சிவப்பு மையில கையெழுத்து போடணும்.

ஒரே ஒரு பையனாவது, 'ஓடல மேம், எதனாலன்னு தெரியல, இதெல்லாம் பண்ணிப் பார்த்தேன்'னு எழுதினதுண்டா? எழுதினா அவனுக்குத்தான் நான் முழு மார்க் போடுவேன். சாஃப்ட்வேர் வேலையில பாதி நேரம் ஓடாதது ஏன் ஓடலைன்னு தேடுறதுலதானே போகுது? எங்ககிட்ட நாலு வருஷம் படிச்சவன் எழுதின எதுவுமே ஓடாம இருந்ததில்ல. கம்பெனிக்குப் போன முதல் நாள் ஒரு சிவப்பு எரர் வந்ததும் கை நடுங்குதுன்னா யாரைக் குத்தம் சொல்றது?

லேப் மெஷின்லயாவது காலத்துக்கு ஏத்தது இருக்கான்னு கேக்குறீங்களா? இப்பவும் சில லேப்ல சி ப்ரோக்ராமுக்கு டர்போ சி ப்ளஸ் ப்ளஸ்தான். போர்லண்ட் கம்பெனி 1990-ல விட்ட சரக்கு. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. பசங்களோட அப்பா அம்மாவுக்குக் கல்யாணமே ஆகாத காலம் அது. சி ப்ளஸ் ப்ளஸுக்கு உலகத் தர நிர்ணயம் வந்ததே 1998-லதான். அதுக்கும் முந்தினதை வச்சு இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கோம். யூடியூப் பிளாக். கேம்பஸ்ல செல்போனுக்குத் தடை. படிக்கிறது இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி, போனோட பிடிபட்டா ஃபைன்! தாடி வச்சாலும் ஃபைன். ஷூ போடாம செருப்போட வந்தா வெளிய. இதையெல்லாம் கவனிக்க ஒரு டிசிப்ளின் கமிட்டி, அதுல நானும் மெம்பர். கோடு ஓடுதான்னு கவனிக்கத்தான் கமிட்டி இல்ல.

பரீட்சை அதுக்கு மேல. ரெண்டு மார்க் பத்து, பதிமூணு மார்க் அஞ்சு, பதினஞ்சு மார்க் ஒண்ணு. முந்தின நாள் ராத்திரி 'இம்பார்ட்டண்ட் கொஸ்டின்ஸ்' பி.டி.எஃப். ஒண்ணு எல்லா குரூப்லயும் சுத்தும். படம் போட்டு, அடிக்கோடு இழுத்து, பக்கத்தை நிரப்பினா பாஸ். ப்ரோக்ராமை பேப்பர்ல எழுதுறாங்க, நாங்க அதைப் பேனாவோட திருத்துறோம். செமிகோலன் விட்டுப்போனா அரை மார்க் குறைப்போம். அதை ஒரு நொடியில கண்டுபிடிக்கத்தான் மெஷின் இருக்கேன்னு யாரும் கேக்கிறதில்ல.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்? அதுக்குத்தான் ப்ராஜெக்ட் சென்டர் இருக்கே. ஊருக்கு ஊர், மாடிப்படி ஏறினா ரெண்டு ரூம். தலைப்பு, 'பேஸ் பேப்பர்', கோடு, ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் சேர்த்து ஒரு ரேட்டு. பயிர் விளைச்சலைக் கணிக்கிற மெஷின் லேர்னிங் ப்ராஜெக்டை மட்டும் எத்தனை டீம்கிட்ட பார்த்துட்டேன்! விவசாயி வீட்டுப் பையன்தான் செஞ்சிருப்பான். "உங்க ஊர்ல என்ன போடுவாங்க தம்பி?"ன்னு கேட்டா, "நிலக்கடலை மேம்". "உன் ப்ராஜெக்ட்ல நிலக்கடலை இருக்கா?" முழிப்பான். இப்பெல்லாம் அந்தக் காசும் மிச்சம், சாட்ஜிபிடி செஞ்சு கொடுத்துடுது. ப்ராஜெக்ட் சென்டர் அண்ணன்களுக்கே வேலை போயிடும் போல.

ஸ்டாஃப் எப்படின்னு கேட்டீங்கன்னா, என்னையே எடுத்துக்கோங்களேன். எம்.இ. முடிச்சிருக்கேன். இன்ஜினீயரிங் காலேஜ்களுக்கு விதி போடுற ஏ.ஐ.சி.டி.இ.யோட ஏழாவது சம்பளக் குழுப்படி அசிஸ்டண்ட் ப்ரொஃபசருக்கு அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில ஆரம்பிக்கணும். என் சம்பளத்தைச் சொன்னா நீங்க டீயைக் கீழ வச்சிடுவீங்க. எங்க வீட்டுல டைல்ஸ் ஒட்டின மேஸ்திரி ஒரு மாசத்துக்கு வாங்கினது அதைவிடக் கூட. வேலையை விட்டுப் போலாம்னா ஒரிஜினல் சர்டிஃபிகேட் ஆபீஸ் பீரோவுல இருக்கு. வாங்கி வச்சுக்கக் கூடாதுன்னு ஏ.ஐ.சி.டி.இ. சொல்லியிருக்கு. பீரோவுக்கு அது கேக்குமா? 2024 ஜூலையில, ஊழலை எதிர்க்கிற அறப்போர் இயக்கம் ஒரு பட்டியல் வெளியிட்டுச்சு ஞாபகம் இருக்கா? அண்ணா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச காலேஜ்கள்ல நூத்துக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே சமயத்துல ஒண்ணுக்கு மேற்பட்ட காலேஜ்ல வேலை பார்க்குறதா கணக்கு காட்டியிருக்காங்க, அதுல சிலர் பத்து காலேஜுக்கும் மேலன்னு. ஊரே அதிர்ந்துச்சு. எங்க ஸ்டாஃப் ரூம்ல யாரும் அதிரல. "பத்து காலேஜ்லயும் சம்பளம் கொடுத்திருப்பாங்களா?"ன்னுதான் ஒரு சார் கேட்டார்.

இருபது பசங்களுக்கு ஒரு ஆசிரியர்ங்கிறது விதி. இருக்குற ஆளை வச்சே கஷ்டம்னு இருக்கும்போது, 2024-25-ல இருந்து, நல்லா நடக்குற காலேஜ்னா சீட்டுக்கு உச்சவரம்பே இல்லைன்னு ஏ.ஐ.சி.டி.இ. கதவைத் திறந்து விட்டுடுச்சு. அவ்வளவுதான். சிவில், மெக்கானிக்கல் சீட்டைச் சுருக்கு, கம்ப்யூட்டர் சீட்டை ஏத்து. 2000-ல தரமணியில டைடல் பார்க் திறந்தப்போ காலேஜுக்கு காலேஜ் ஐ.டி. டிபார்ட்மெண்ட் ஆரம்பிச்சாங்க. அதே ஆட்டம்தான் இப்பவும், பேருதான் வேற. ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி. யார் நடத்துறாங்க? எங்க மெக்கானிக்கல் சார் ஒருத்தர், தெர்மோடைனமிக்ஸ்ல புலி, இப்ப பைத்தான் நடத்துறார். காலையில யூடியூப்ல அவர் பார்ப்பார், மத்தியானம் பசங்களுக்குச் சொல்வார். (ஸ்டாஃப் ரூம்ல யூடியூப் பிளாக் இல்ல.) மனுஷன் பாவம், முழு மனசோடதான் செய்யிறார்.

எல்லாப் பசங்களும் இப்படியான்னா, இல்ல. என் கிளாஸ்ல ஒருத்தன் இருந்தான். லேப்டாப் கிடையாது. உடைஞ்ச திரை போட்ட போன்ல, பைத்தான் ஆப் ஒண்ணை வச்சுக்கிட்டு, காலேஜ் பஸ்ல போக வர கோடு எழுதுவான். இப்ப கோயம்புத்தூர்ல ஒரு சின்ன கம்பெனியில நல்லா இருக்கான். எங்க பிரின்சிபல் ஒவ்வொரு மேடையிலயும் அவன் பேரைச் சொல்வார். அவனுக்கு நாங்க செஞ்ச ஒரே உதவி, போனைப் பறிமுதல் பண்ணாம விட்டதுதான். அதுவும் அவன் மாட்டாததால.

மத்தவங்க எங்க போறாங்க? சென்னை வேளச்சேரிக்கு. ஆமாங்க, நாலு வருஷம் படிச்சு, பட்டம் வாங்கி, கறுப்பு கவுன் போட்டு ஃபோட்டோ எடுத்துட்டு, நேரா வேளச்சேரி. அங்க மாடிக்கு மாடி கோர்ஸ் சொல்லிக் கொடுக்குற இன்ஸ்டிட்யூட். ஜாவா, செலினியம் டெஸ்டிங், ஃபுல் ஸ்டாக். எட்டு பேர் தங்குற ரூம்ல ஒரு பாய். அங்க போய்தான் நிறையப் பசங்க வாழ்க்கையில முதல் தடவையா ஒரு ப்ரோக்ராம் தானே எழுதி ஓட வைக்கிறாங்க. காலேஜுக்கு லட்சக்கணக்குல கட்டிட்டு, படிப்புக்குத் தனியா ஒரு ஃபீஸ். லோன் கொடுத்த பேங்க்காரங்க படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் பொறுப்பாங்க. அதுக்கு மேல அப்பா போனுக்கு கால் வரும்.

இதுல அடுத்த கட்டம் ஒண்ணு இருக்கு. ஃப்ரெஷருக்கு வேலையே இல்ல, ரெண்டு மூணு வருஷ அனுபவம் கேக்குறாங்க. அனுபவம் எங்க கிடைக்கும்? விலைக்குக் கிடைக்கும். ஒரு கன்சல்டன்சியில பணம் கட்டினா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட், சம்பள ஸ்லிப், எல்லாம் தயார். எங்க பழைய மாணவி ஒருத்தி, கிளாஸ்ல எப்பவும் முதல் மூணு இடத்துக்குள்ள வர்றவ, ஒருநாள் ராத்திரி போன் பண்ணினா.

"மேம், மூணு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத்தான் ரெஸ்யூம் அனுப்பணும்னு சொல்றாங்க. கூடப் படிச்ச எல்லாரும் போட்டாச்சு. நானும் போடட்டுமா?"

"வேண்டாம்மா, வெரிஃபிகேஷன்ல மாட்டினா அப்புறம் எங்கயும் போக முடியாது."

"அப்ப நான் வேற என்ன மேம் பண்றது?"

என்னத்தைச் சொல்ல? எட்டாவது திறமை ஞாபகம் இருக்கா, நேர்மை? அவ பேட்ச்சுக்கு அந்தக் கட்டத்துல அட்டெயின்மெண்ட் 2.6. டார்கெட்டைத் தாண்டியாச்சு. பச்சை.

இப்ப மே மாசம். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. கவுன்சலிங்ல முதல் ரவுண்டுல கட்-ஆஃப் நூத்தித் தொண்ணூறுக்கு மேல எடுத்தவங்க கிண்டி, குரோம்பேட்டை, கோயம்புத்தூர்னு பறந்துடுவாங்க. எங்களுக்கெல்லாம் கடைசி ரவுண்டுதான். அதனால எங்களுக்கு இப்ப பாடம் எடுக்குற வேலை கிடையாது, அட்மிஷன் ட்யூட்டி. ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் ஒரு போன் நம்பர் லிஸ்ட், ஒரு டார்கெட். எம்.இ. படிச்ச நாங்க, கிரெடிட் கார்டு விக்கிறவங்க மாதிரி வரிசையா உட்கார்ந்து, "வணக்கம் சார், உங்க பையன் ரிசல்ட் வந்துடுச்சுங்களா?"ன்னு ஆரம்பிக்கணும். வெயில்ல ஊர் ஊரா போய் வீடு வீடா பிராஸ்பெக்டஸ் கொடுக்கிற டீம் தனி.

நேத்து ஒரு அம்மா லைன்ல வந்தாங்க. குரல்ல அத்தனை மரியாதை. டீச்சர்னாலே அவங்களுக்குச் சாமி மாதிரி. "மேடம், ஐ.டி.யில சேர்த்தா பாப்பாவுக்கு வேலை கிடைச்சிடும்ல? ஒரே பொண்ணுங்க. எங்க வீட்டுல முதல் பட்டதாரி அதுதான்." எங்களுக்குக் கொடுத்திருக்குற தாள்ல இதுக்குப் பதில் அச்சடிச்சே இருக்கு. நூறு சதவீதம்னு ஆரம்பிக்கும்.

நான் அந்தத் தாளைக் கவுத்து வச்சுட்டேன். "அம்மா, எந்த காலேஜுக்குப் போனாலும் ஆஃபர் எத்தனைன்னு கேக்காதீங்க. போன வருஷம் எத்தனை பேர் பாஸ் பண்ணாங்க, அதுல எத்தனை பேர் வேலையில போய்ச் சேர்ந்தாங்கன்னு பேரோட கேளுங்க. அரியர் இருக்குறவங்களையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க. போன வருஷம் இருந்த ஸ்டாஃப்ல எத்தனை பேர் இன்னும் இருக்காங்கன்னு கேளுங்க. லேப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்க, ஒரு மெஷினை ஆன் பண்ணச் சொல்லுங்க. ஹாஸ்டல் பக்கம் போய் ஃபைனல் இயர் பொண்ணுங்க ரெண்டு பேர்கிட்ட தனியா பேசுங்க. பக்கத்துல கவர்மெண்ட் காலேஜ்ல பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சா அதையும் வேண்டாம்னு ஒதுக்காதீங்க. மிச்சமாகுற காசுக்குப் பாப்பாவுக்கு ஒரு நல்ல லேப்டாப் வாங்கிக் கொடுத்துடலாம்"னு சொன்னேன். அவங்க பக்கத்துல யாரையோ கூப்பிட்டு ஒவ்வொண்ணா எழுதிக்கச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு.

எனக்குப் பின் சீட்டுல இருந்த மேடத்துக்கும் கேட்டிருக்கு. சாயங்காலமே ஹெச்.ஓ.டி. ரூமுக்குக் கூப்பிட்டாங்க. அட்மிஷன் சார்ட்ல என் பேருக்கு நேரா சைபர். இந்த வருஷம் உங்களுக்கு இன்கிரிமெண்ட் கிடையாது மேடம்னார் ஹெச்.ஓ.டி.

ஏதோ போன வருஷம் கொடுத்த மாதிரி!